பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு தகடு: ஸ்கிட் பிளேட் எதில் வாங்கலாம்?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். அவர் டெக்ஸஸ்ல இருக்கார். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒரு சைடு பை சைடு வாங்கியிருக்காங்க. அக்டோபரில் யூட்டா மாநிலத்தில் இருக்கிற மோவாப் போகணும், பாறை மேல ஏத்தி இறக்கணும். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அடியில போடுற தகடு அலுமினியமா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா? கடையில ஒண்ணு சொல்றாங்க, கூட வர்றவன் ஒண்ணு சொல்றான். ஒரு தடவைதான் காசு போட முடியும். நீங்க மெக்கானிக்கல் படிச்சவர்தானே, சொல்லுங்க."

படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர். நம்ம ஊர்ல பாதிப் பேர் கதை அதுதான். ஆனா இந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருந்தது. கல்லூரியில் பரீட்சைக்காக மட்டும் படிச்ச ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் முழுக்க இந்த ஒரு தகட்டுக்குள்ள இருக்கு. நானும் இப்போ அரிசோனாவில் இருக்கிறதால, வார இறுதியில் இந்த வண்டிகளோடு கொஞ்சம் பழக்கமும் உண்டு.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சைடு பை சைடு என்பது ஜீப்புக்கும் நாலு சக்கர ஏடிவிக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஜாதி. ஏடிவியில் பைக் மாதிரி கால் போட்டு உட்காருவோம். இதில் கார் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், ஸ்டீயரிங், பெடல், சீட் பெல்ட், தலைக்கு மேல இரும்புக் குழாய்க் கூண்டு. அதனால்தான் அந்தப் பெயர். யூடிவி என்றும் சொல்வாங்க. யமஹாவின் ரைனோ, அப்புறம் 2008 மாடலாக வந்த போலாரிஸ் ரேஸர், கேன்-ஆம் நிறுவனத்தின் மேவரிக் எல்லாம் இந்த வகைதான். அமெரிக்காவில் இது பெரிய விளையாட்டு. கலிஃபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் 2007-லிருந்து நடக்கிற கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் பந்தயத்தில் இந்த வண்டிகளுக்கென்றே தனிப் போட்டி இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தத் தகடு என்ன வேலை செய்கிறது?

"அடியை அடி படாம காப்பாத்துது" என்று ஒரே வரியில் முடிக்கலாம். ஆனா அப்படி முடித்தால் எந்தப் பொருள் நல்லது என்று முடிவெடுக்க முடியாது. நான் இதை மூணு வேலையாகப் பிரிச்சுப் பார்க்கிறேன்.

முதல் வேலை, சுமையைப் பரப்புவது. ஒரு பாறையின் கூர்மையான முனை வண்டியின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் குத்துகிறது. அந்த விசை நேராக எண்ணெய்த் தொட்டிக்குப் போனால் அது உடைந்துவிடும். தகடு அந்த விசையை வாங்கி, பக்கத்தில் இருக்கிற சேஸிக் குழாய்களுக்குக் கடத்த வேண்டும். அடியை உண்மையில் தாங்குவது குழாய்கள். தகடு ஒரு தரகர் மாதிரி.

இரண்டாவது வேலை, வழுக்குவது. வண்டியின் வயிறு பாறை மேல் உட்கார்ந்துவிட்டால் சக்கரங்களில் இருந்த எடை குறைந்துவிடும். பிடிப்பும் போய்விடும். அந்த நேரத்தில் வயிறு பாறையைப் பிடித்துக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும். வழுக்கினால் தாண்டிவிடும். கேரம் போர்டில் பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரை அடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

மூன்றாவது வேலையைப் பலர் யோசிக்கிறதே இல்லை. அது உங்கள் காலைக் காப்பாற்றுவது. காட்டுப் பாதையில் ஒரு காய்ந்த கிளை தரையில் கிடக்கிறது. முன் சக்கரம் அதன் ஒரு முனையில் ஏறியதும் மறு முனை ஈட்டி மாதிரி நிமிர்கிறது. வண்டியின் வேகமே அதை உள்ளே தள்ளும். பல வண்டிகளில் கால் வைக்கிற தளம் வெறும் பிளாஸ்டிக். கிளை அதைத் துளைத்துக்கொண்டு கால் இருக்கும் இடத்துக்கே வந்துவிடலாம். இந்த ஆபத்துக்காகவே அமெரிக்காவில் சில மாடல்களைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். அதனால் தகடு என்பது எஞ்சினுக்கான கவசம் மட்டும் இல்லை, முழங்காலுக்குக் கீழே உங்களுக்கும் அதுதான் கவசம்.

இந்த மூணு வேலையையும் மனசில் வச்சுக்கோங்க. ஒவ்வொரு பொருளும் ஒரு வேலையில் கெட்டி, இன்னொன்றில் சுமார்.

ஸ்டீல்: நம்பகமான பாரம்

ஸ்டீலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. விலை குறைவு. எந்த ஊரிலும் வெல்டிங் பண்ணலாம். அலுமினியத்தைவிடக் கடினம் என்பதால் பாறை அதை அவ்வளவு சீக்கிரம் சுரண்டாது. வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம்.

குறை எடை. ஸ்டீலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். அலுமினியம் 2.7 தான். 3 மி.மீ. ஸ்டீல் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ வரும். ஜீப் மாதிரி இரண்டு டன் வண்டிக்கு இது ஒரு விஷயமே இல்லை. 650 கிலோ வண்டிக்கு யோசிக்கணும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். எடை விஷயத்தைக் கொஞ்சம் பெரிசாக்கியே பேசுறாங்க. ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் முழு வயிற்றுக்கும் சேர்த்தே 10 முதல் 15 கிலோ வித்தியாசம் வரும். ஒரு ஐஸ் பெட்டியில் தண்ணீரும் சோடாவும் நிரப்பினால் அந்த எடை வந்துவிடும். அதுவும் இந்த எடை வண்டியின் மிகக் கீழான இடத்தில் இருப்பதால் கவிழும் ஆபத்தைக் கூட்டாது. மேல் கூண்டில் 15 கிலோ லைட்டும் ஸ்பீக்கரும் மாட்டுகிறவர் அடியில் 15 கிலோவுக்குக் கவலைப்படுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஸ்டீலின் உண்மையான தொல்லை துரு. பாறையில் உரசினால் பெயின்ட் முதல் நாளே போய்விடும். சேறு உள்ளே தங்கி, கழுவாமல் விட்டால் பிறகு போல்ட்டைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை.

அலுமினியம்: எண்ணைப் பார்த்து வாங்குங்க

கடையில் "அலுமினியம் பிளேட்" என்று மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்தான். எந்த அலுமினியம் என்று கேட்கணும். இந்த வேலைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு: 5052, 6061.

5052-இல் முக்கியமான கலப்பு மக்னீசியம். அதன் எச்32 நிலையில், ஏறக்குறைய 190 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்கு மேல்தான் நிரந்தரமாக வளையும். அழகாக மடங்கும், உப்புக் காற்றைத் தாங்கும். படகு, எரிபொருள் டேங்க் எல்லாம் இதில் செய்கிறார்கள்.

6061-இல் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்திருக்கும். சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய டி6 நிலையில் அது ஏறக்குறைய 275 மெகாபாஸ்கல் வரை தாங்கும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அப்போ 6061 தானே நல்லது? தட்டையான தகடாக இருந்தால் ஆமாம். ஆனா ஸ்கிட் பிளேட்டுக்கு முன்னாலும் பின்னாலும் மடிப்பு வேணும். பாறையில் முட்டாமல் ஏறுவதற்கு முன்பக்கம் மேல் நோக்கி வளைந்திருக்கணும். 6061-டி6 தகட்டை இறுக்கமாக மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். வெல்டிங் பண்ணினால் பற்று வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதம் இறங்கி, பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதனால் மடித்துச் செய்த பிளேட்டுக்கு 5052 புத்திசாலித்தனமான தேர்வு. காகிதத்தில் பலம் குறைந்த பொருள், செய்து முடித்த தகட்டில் நம்பகமானதாக இருக்கும்.

அலுமினியத்தின் பலம் அதன் விறைப்பு. 4.8 மி.மீ. தகடு குழாய்க்குக் குழாய் பாலம் மாதிரி நிற்கும். பலவீனம் இரண்டு. ஒன்று, அது மென்மையான உலோகம். பாறை அதில் கோடு கிழிக்கும்போது ஓரத்தில் உலோகம் மேடாக எழும்பும். அந்த மேடு அடுத்த பாறையைப் பிடிக்கும். நாள் போகப் போக அடிப்பக்கம் அரம் மாதிரி ஆகிவிடும்.

இரண்டு, நசுங்கினால் நசுங்கினதுதான். வீட்டு அலுமினியச் சட்டி கீழே விழுந்தால் தானாக நிமிர்கிறதா? அதேதான். உள்பக்கம் நசுங்கிய தகடு எண்ணெய்த் தொட்டியையோ வடிகால் போல்ட்டையோ தொட்டுக்கொண்டு நின்றால், அடுத்த அடி நேராக அங்கே இறங்கும். தட்டி நிமிர்த்தலாம். ஆனா ஒவ்வொரு முறை தட்டும்போதும் அந்த இடம் இறுகி, ஒரு நாள் விரிசல் விடும்.

இன்னொன்று, சத்தம். சரளைக் கல் பாதையில் அலுமினியத் தகடு பறை அடிக்கும். நாலு மணி நேரம் அதைக் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

யூஎச்எம்டபிள்யூ: பிளாஸ்டிக் என்று ஒதுக்காதீங்க

இப்போ அமெரிக்க யூடிவி உலகத்தில் அதிகம் பேசப்படுவது இது. மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். நம்ம பிளாஸ்டிக் பையும் பாலிஎத்திலீன்தான், சமையலறை வெள்ளைக் கட்டிங் போர்டும் பாலிஎத்திலீன்தான். வித்தியாசம் சங்கிலியின் நீளத்தில். இதில் ஒவ்வொரு மூலக்கூறும் சாதாரண வகையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நீளமான சங்கிலி. நீளமான நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் பிரிக்க முடியாது இல்லையா? அந்தச் சிக்கல்தான் இதன் பலம். உரசலில் தேயாது, அடியில் உடையாது, கடும் குளிரிலும் நொறுங்காது.

இதன் தேய்மானத் தாங்குதிறனுக்கு ஒரு சான்று சொல்றேன். 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு இந்தப் பொருளைப் பயன்படுத்த ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் பயன்படுத்திய டெஃப்லான் சீக்கிரமே தேய்ந்துபோனது. இன்றைக்கும் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் இதே குடும்பப் பொருள்தான் பரவலாக இருக்கிறது. மனித உடம்புக்குள் பல லட்சம் முறை உரசியும் தாங்குகிற பொருள், பாறையையும் ஓரளவு சமாளிக்கும்.

வழுக்குவதில் இதுக்குப் போட்டியே இல்லை. ஒரு கணக்கு பார்ப்போம். வண்டியின் எடையில் 300 கிலோ பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.5 என்றால் இழுக்க 150 கிலோ விசை வேணும். 0.2 என்றால் 60 கிலோ போதும். சொரசொரப்பான பாறையில் உண்மையான எண்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனா போக்கு இதுதான். நண்பர்கள் இரண்டு பேர் தள்ளி வெளியே எடுக்கிறதுக்கும், வின்ச் கயிறு கட்டுகிறதுக்கும் உள்ள வித்தியாசம் இது.

அடி விழுந்தால் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். நிரந்தரமாக நசுங்காது. சத்தம் கம்மி. வீட்டில் ஜிக்சா வைத்தே வெட்டலாம்.

லேசு என்ற கட்டுக்கதையும், ஒரு கன எண்ணும்

"பிளாஸ்டிக்னா லேசு" என்று நினைப்போம். இதன் அடர்த்தி 0.94 தான், தண்ணீரில் மிதக்கும். ஆனா இதை யாரும் 4.8 மி.மீ. தடிமனில் போடுவதில்லை. அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., இல்லன்னா எட்டில் மூணு அங்குலம், 9.5 மி.மீ.

இப்போ ஒரு சதுர மீட்டருக்கு எடை பாருங்க. 4.8 மி.மீ. அலுமினியம் 13 கிலோ. 12.7 மி.மீ. யூஎச்எம்டபிள்யூ 12 கிலோ. கிட்டத்தட்ட ஒண்ணுதான். எடைக்காக இதை வாங்குகிறேன் என்று சொல்கிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

விறைப்பு எப்படி? ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன், பொருளின் மீள்மை எண்ணையும் தடிமனின் கனத்தையும் பெருக்கினால் வரும். அலுமினியத்தின் மீள்மை எண் 70 கிகாபாஸ்கல். யூஎச்எம்டபிள்யூவுக்கு ஏறக்குறைய 0.75 தான். நூறில் ஒரு பங்கு. தடிமன் கனமாகப் பெருகுவதால்தான் இது பிழைக்கிறது. 12.7 மி.மீ. போட்டால் 4.8 மி.மீ. அலுமினியம் இதைவிட 5 மடங்கு விறைப்பு. 9.5 மி.மீ. போட்டால் வித்தியாசம் 12 மடங்கு.

இதில் ஒரு பாடம் இருக்கு. 9.5-லிருந்து 12.7-க்குப் போனால் தடிமன் மூணில் ஒரு பங்குதான் கூடும், ஆனா விறைப்பு 2.4 மடங்கு ஆகும். காசை எங்கே போடலாம் என்று கேட்டால், என் பதில் இந்த 3 மி.மீ.

"தடிமனா போட்டா தரை இடைவெளி குறையுமே" என்று கேட்பீங்க. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் 8 மி.மீ. குறையும். இந்த வண்டிகளில் தரை இடைவெளி 30 சென்டிமீட்டருக்கு மேல். அந்த 8 மி.மீ. டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே போய்விடுகிற அளவு.

விறைப்பு குறைவு என்பதால் இன்னொன்றையும் பார்க்கணும்: சேஸிக் குழாய்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி? குழாய்கள் நெருக்கமாக இருந்தால் பிளாஸ்டிக் தொங்காது, உள்ளே தள்ளப்பட்டாலும் எஞ்சினைத் தொடாது. இடைவெளி அகலமாக இருந்து, அதற்கு நேர் மேலே எண்ணெய்த் தொட்டி இருந்தால், அந்த இடத்தில் மட்டும் அலுமினியம் ஒன்று குறுக்கே வேணும். வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து டேப் வைத்து அளந்து பாருங்க. பத்து நிமிஷ வேலை.

போல்ட் ஓட்டையில் ஒளிந்திருக்கும் பிரச்சினை

இது யாரும் விளம்பரத்தில் சொல்லாத விஷயம். யூஎச்எம்டபிள்யூ சூட்டில் நிறைய விரியும். ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.18 மி.மீ. அளவுக்கு. அலுமினியம் 0.024, ஸ்டீல் 0.012.

அரிசோனா கணக்கே போடறேன். கோடையில் கராஜுக்குள்ள 50 டிகிரி. அதே வண்டியை டிசம்பரில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் கொண்டுபோனால் மைனஸ் 5. வித்தியாசம் 55 டிகிரி. 2 மீட்டர் நீளத் தகடு 20 மி.மீ. நீளம் மாறும். அது மாட்டியிருக்கிற ஸ்டீல் சேஸி 1.3 மி.மீ. மட்டும்தான் மாறும். மீதி 18 மி.மீ. எங்கே போகும்? போல்ட்டைச் சுத்தி வட்டமான, இறுக்கமான ஓட்டை இருந்தால் வெயிலில் தகடு நடுவில் வயிறு தள்ளும். குளிரில் ஓட்டையையோ போல்ட்டையோ பிடித்து இழுக்கும்.

தீர்வு எளிது. ஒரு போல்ட்டை மட்டும் நிலையாக வைத்து, மற்ற ஓட்டைகளை நீள்வட்டமாக வெட்டணும். பெரிய வாஷர் போடணும். ஒரே நீளத் தகடாகப் போடாமல் இரண்டு மூணு துண்டாகப் பிரிச்சுப் போட்டால் ஒவ்வொரு துண்டின் விரிவும் குறையும். முன் துண்டின் பின் ஓரம் அடுத்த துண்டின் முன் ஓரத்துக்குக் கீழே வரணும், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குவது மாதிரி. மாத்தி அடுக்கினால் ஓரம் பாறையில் மாட்டும்.

இன்னொன்று: தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் இந்தப் பொருள் மெதுவாக ஒதுங்கிப் போகும். இன்றைக்கு இறுக்கின போல்ட் ஒரு மாதத்தில் தளர்ந்திருக்கும். அதனால் முதல் சில பயணங்களுக்குப் பிறகு ஒரு தடவை எல்லா போல்ட்டையும் பாருங்க. மொத்தமாக முறுக்கித் தள்ளாதீங்க.

ஆனா தடிமனில் ஒரு பெரிய லாபமும் உண்டு. 12.7 மி.மீ. தகட்டில் போல்ட் தலை முழுசாக உள்ளே அமுங்கும் அளவுக்குக் குழி வெட்டலாம். 4.8 மி.மீ. அலுமினியத்தில் அதற்கு ஆழம் போதாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட் தலையைப் பாறை முதலில் தேய்க்கும், பிறகு வெட்டும். பாறையில் ஓடின வண்டியின் அடியில் தலை தேய்ந்த போல்ட்டைக் கழற்றினவங்களுக்கு இந்த வலி தெரியும்.

சூடும் சேறும்

யூஎச்எம்டபிள்யூ ஏறக்குறைய 135 டிகிரியில் உருகும். 80 டிகிரிக்கு மேலேயே பலம் இறங்க ஆரம்பிக்கும். சைலன்சர் குழாய் அதைவிடப் பல மடங்கு சூடு. இந்த வண்டிகள் பலவற்றில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பகுதியில் இடைவெளி விடணும், அல்லது வெப்பத் தடுப்பு போடணும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் இன்னொரு விஷயம் பொது. தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காய்ந்த புல், இலை, சேறு எல்லாம் சேரும். முழுசா மூடின வயிறு ஒரு தொட்டி மாதிரி. காய்ந்த புல் சூடான குழாய் பக்கத்தில் குவிந்தால் தீப்பிடிக்கும். இது பயமுறுத்தலுக்குச் சொல்லவில்லை. கோடையில் அமெரிக்க மேற்குப் பகுதியில் ஒரு பொறி என்ன பண்ணும் என்று எல்லாரும் செய்தியில் பார்த்திருக்கோம். அதனால் வடிகால் ஓட்டைகள், எண்ணெய் மாற்றும் இடத்துக்கு நேராகத் திறப்பு, தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வழி, இந்த மூணும் இல்லாத பிளேட்டை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வாங்காதீங்க.

எங்கே ஓட்டுறீங்க?

மோவாப் என்றால் மணற்பாறை. அங்கே ஸ்லிக்ராக் என்று ஒரு பெயர் உண்டு, வழுக்குப் பாறை. முதலில் வந்தவர்களின் குதிரைகளுடைய இரும்பு லாடம் வழுக்கியதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ரப்பர் டயருக்கு அது உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். அந்த உப்புத்தாளில்தான் உங்கள் வயிறும் உரசப்போகிறது. ஹெல்ஸ் ரிவெஞ்ச் மாதிரிப் பாதைகளில் படிப்படியாக ஏறி இறங்கணும், வயிறு உட்காருவது சகஜம். அங்கே வழுக்குவதுதான் முக்கியம். அரை அங்குல யூஎச்எம்டபிள்யூ. கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் அதுதான்.

கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மாதிரி மணல் மேடு மட்டும் என்றால், அங்கே பாறையே இல்லை. கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் போதும். அந்தக் காசில் நல்ல ஹெல்மெட் வாங்குங்க.

காடு, கிளை, சேறு என்றால் துளைக்காத தகடு வேணும், அதிலும் கால் வைக்கிற இடத்துக்குக் கீழே. அலுமினியமோ தடிமனான யூஎச்எம்டபிள்யூவோ, இரண்டும் சரி. கம்பெனியின் மெல்லிய பிளாஸ்டிக்கை மட்டும் நம்பாதீங்க.

வேகமாக ஓடி, கல்லில் பலமாக அடிபடுகிற பாலைவனப் பந்தய வகை என்றால் இரண்டையும் சேர்ப்பாங்க. மேலே அலுமினியம் விறைப்புக்கு, கீழே யூஎச்எம்டபிள்யூ வழுக்குவதற்கு. அருமையான தீர்வு, ஆனா எடையும் விலையும் இரண்டு மடங்கு.

பண்ணை வேலை, வேலி போடுவது, மரம் இழுப்பது என்றால் ஸ்டீல். துருப்பிடித்தால் பெயின்ட் அடிச்சுக்கலாம்.

கடைசியா ஒண்ணு

போன வசந்தத்தில் ஒரு பாதையில் எங்களுக்கு முன்னால் போன குழுவின் வண்டி ஒன்று நின்றிருந்தது. அடியில் எண்ணெய்த் தொட்டியில் விரல் நீள விரிசல். பாறை மேல் கறுப்பாக எண்ணெய் ஓடியிருந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வெளியே வர எங்களுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. கொண்டுவந்த தண்ணியைப் பதினோரு பேரும் பங்கு போட்டுக் குடிச்சோம். அந்த வண்டியில் தகடு இருந்தது, நல்ல தகடுதான். ஓட்டினவர் அதை நம்பி, இறங்கி வழி பார்க்காமல் வேகமாக விட்டிருந்தார். அவரே எங்ககிட்ட சொன்னார்: "பிளேட் இருக்கேன்னு விட்டுட்டேன்."

தகடு தைரியம் கொடுக்கும். அதுதான் அதன் ஒரே பக்க விளைவு. அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, நடக்கும் வேகத்தில் விழுகிற அடிக்குத்தான் அது கணக்குப் போட்டது. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் நாலு மடங்கு. அந்தக் கணக்கை எந்தக் கடையும் மாற்ற முடியாது. அதனால் கஷ்டமான இடம் வந்தால் ஒருத்தர் இறங்கி முன்னால் நடந்து வழி காட்டட்டும். ஒவ்வொரு பயணம் முடிஞ்சதும் அடியில் படுத்து டார்ச் அடிச்சுப் பாருங்க. புதுக் கீறல் எங்கே விழுந்திருக்கு, எந்த போல்ட் தளர்ந்திருக்கு, எங்கே புல் சேர்ந்திருக்கு என்று அந்தத் தகடே சொல்லும்.

டெக்ஸஸ் நண்பரே, இன்னொரு விஷயம். உங்க வண்டிக்குன்னே வெட்டின ரெடிமேட் செட் சில நூறு டாலரில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டும். நாலு பேரில் ஒருத்தருக்கு ஜிக்சா பிடிக்கத் தெரிஞ்சா, தாளாக வாங்கி, கம்பெனித் தகட்டையே அச்சாக வைத்து வெட்டிப் பாருங்க. ஓட்டையை மட்டும் நீள்வட்டமா வெட்ட மறக்காதீங்க. முன்பக்க வளைவுக்குக் கம்பெனித் தகட்டை அப்படியே விட்டுடுங்க. அரை அங்குலத் தாளை வீட்டில் சூடாக்கி வளைக்கிறது சுலபமில்லை, வளைச்சாலும் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். இதை ஒட்டுறதும் கஷ்டம், சாதாரணப் பசை பிடிக்காது. போல்ட் ஒண்ணுதான் வழி.

மோவாப் போயிட்டு வந்து அடிப்பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, எந்த இடத்தில் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு சேர்ந்து பார்ப்போம். மத்தவங்க யாராவது வேற பொருளில் போட்டு ஓட்டியிருந்தா உங்க அனுபவத்தையும் குரல் செய்தியா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் டயர் காற்றழுத்தம் பத்திப் பேசலாம். அதுவரைக்கும், பத்திரமா ஓட்டுங்க.